சதுரம் போடுவது சின்னப் பிள்ளை வேலையா?

ஆறாம் வகுப்பிலிருந்தே நிரலாக்கம் வேண்டும் என்பதில் இப்போது அநேகமாக யாருக்கும் மாறுபாடு இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 நடுநிலை வகுப்புகளிலேயே அதைத் தொடங்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்கக் கருவி வந்துவிட்டது. தகராறு எல்லாம் எதை முதலில் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான். அதில் ஒரு கருத்து மெல்ல மெல்லப் பொதுக்கருத்தாகவே ஆகிவிட்டது. திரையில் ஆமையை நகர்த்திச் சதுரமும் முக்கோணமும் வரைய வைப்பது பழைய முறை, தொடக்கப் பள்ளியோடு முடிந்துபோக வேண்டிய விளையாட்டு. 11 வயதுப் பிள்ளைக்கு ஆப் செய்யவும், பைத்தானில் ‘நிஜமான’ நிரல் எழுதவும், செயற்கை நுண்ணறிவைக் கையாளவும் சொல்லித்தர வேண்டும் என்பது அது. பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் கேட்கிறார்கள். கோடை வகுப்பு விளம்பரங்களில் இதைத்தான் விற்கிறார்கள்.

இதை வெறும் வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னால் நியாயமான கவலைகள் இருக்கின்றன. கையில் போனோடு வளரும் பிள்ளைக்குச் சதுரம் சலித்துப்போகும் என்பது ஒன்று. பள்ளியில் கணினிக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பீரியடு. அதைப் பொம்மை விளையாட்டில் கழிக்கலாமா என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் கனமானது: காசு கட்டிப் படிக்கும் பிள்ளை செயற்கை நுண்ணறிவு படிக்கும்போது அரசுப் பள்ளிப் பிள்ளை ஆமையோடு உட்கார்ந்திருந்தால், அது பழைய பாகுபாட்டின் புதிய வடிவம் ஆகாதா? கவலைகள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

1. படம் வரைவது நிரலாக்கம் ஆகாது என்கிறார்கள். அப்படியானால் எதுதான் நிரலாக்கம்? சமபக்க முக்கோணம் ஒன்றை வரையச் சொன்னால் முதன்முதலாக எழுதுகிற பிள்ளை வழக்கமாக எழுதுவது இது: முன்னே 100, வலப்பக்கம் 60, இதை 3 முறை செய். முக்கோணத்தின் கோணம் ஒவ்வொன்றும் 60 டிகிரி என்று கணக்குப் புத்தகம் சொல்லியிருக்கிறது, ஆகவே 60. ஓட்டிப் பார்த்தால் முக்கோணம் வராது. அறுகோணத்தில் பாதி வந்து வாய் திறந்தபடி நிற்கும். நிரலில் எழுத்துப் பிழை இல்லை, கணினி எதையும் மறுக்கவில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. தவறு சொன்னதில்தான் என்பதை யாரும் வந்து சொல்லாமலே பிள்ளை பார்த்துவிடுகிறது. ஆமை முனையில் நின்று திரும்ப வேண்டியது உட்கோணத்தின் அளவு அல்ல, வெளிக்கோணத்தின் அளவு, அதாவது 120. புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்த வெளிக்கோணம் இங்கே ஒரு தேவையாக வந்து நிற்கிறது. சதுரத்துக்கு 90, அறுகோணத்துக்கு 60 என்று போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை பக்கமானாலும் மொத்தத் திருப்பம் 360 என்ற இடத்துக்கு வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை.

இத்தோடு நின்றிருந்தால், இது கணக்குக்குத் துணைக்கருவி, அவ்வளவுதானே என்று சொல்லிவிடலாம். எழுகோணம் கேட்டுப் பாருங்கள். 360ஐ 7 சமமாக வகுக்காது. பிள்ளை 51 என்று எழுதுகிறது. பக்கம் 100 என்றால், ஏழு பக்கமும் வரைந்து முடிந்த பிறகு கோட்டின் இரு முனைகளுக்கும் இடையில் சுமார் 6 அளவுக்கு ஒரு விரிசல் விழும். மொத்தத் திருப்பம் 357தான் ஆகியிருக்கிறது; விட்டுப்போன 3 டிகிரிதான் அந்த விரிசல். 51.4 என்று திருத்தினால் விரிசல் குறையும், போகாது. வகுத்தலை நான் ஏன் செய்ய வேண்டும், 360/7 என்றே எழுதிவிட்டால் கணினி செய்துகொள்ளாதா என்று தோன்றும் கணத்தில் பிள்ளை எண்ணை விட்டுக் கோவைக்கு வருகிறது. அடுத்த அடி, 7 இருந்த இடத்தில் ஒரு பெயரை வைப்பது: அதுதான் மாறி. முழுவதையும் ‘பலகோணம்’ என்று ஒரு பெயரில் கட்டி வைப்பது: அதுதான் செயற்கூறு. பக்கம் 100 என்றே இருக்க, பக்கங்களின் எண்ணிக்கையை 36 ஆக்கினால் உருவம் திரையை விட்டு ஓடிவிடும், ஏனென்றால் அதன் குறுக்களவு 1,100ஐத் தாண்டுகிறது, ஸ்கிராட்சின் மேடையோ 480க்கு 360தான். ஆக, பக்க நீளத்தையும் எண்ணிக்கையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 144 டிகிரி. மொத்தம் 720, ஆமை இரண்டு முழுச் சுற்று சுற்றியிருக்கிறது. லூப், மாறி, செயற்கூறு, எல்லை மதிப்பைச் சோதித்தல், பிழை திருத்துதல் என்று பெரிய படிப்பில் பெயர் சொல்லி நடத்துகிற அத்தனையும் இங்கே வரிசையாக, ஒவ்வொன்றும் கேட்டு வாங்கப்பட்டு வருகின்றன. இதில் எது நிரலாக்கம் இல்லை?

2. சரி, ‘நிஜமான’ நிரல் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது என்ன? இரண்டு வகை. ஒன்று, பைத்தானில் தனிவட்டி, ஒற்றை இரட்டை எண், மூன்று எண்களில் பெரியது. இன்னொன்று, ஏற்கெனவே செய்துவைத்த ஆப் வார்ப்பில் பெயரையும் படத்தையும் நிறத்தையும் மாற்றி, கடைசி நாளில் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுவது. இரண்டாவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புரிந்தாலும் ஓடும், புரியாவிட்டாலும் ஓடும் என்றால் அந்த ஓட்டம் எதற்கும் சாட்சி ஆகாது. முதலாவதைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் 2 ஆண்டு வட்டி, விடை 800 வர வேண்டும். பிள்ளை பெருக்கல் குறி போட வேண்டிய ஓரிடத்தில் கூட்டல் குறி போட்டுவிட்டது. திரையில் 10000.08 என்று வருகிறது. இந்த எண் தவறு என்று அதற்கு எப்படித் தெரியும்? விடை முன்பே தெரிந்திருந்தால்தான் தெரியும். தவறு என்று தெரிந்தாலும் எந்த வரியில், எந்தக் குறியில் என்பதை அந்த எண்ணிலிருந்து படித்தெடுக்கப் பழகிய கண் வேண்டும். 12 வயதுப் பிள்ளை நிமிர்ந்து ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கும். ஆசிரியர் வந்து ஒரு குறியை மாற்றுவார், 800 வரும், பாடம் முடியும்.

வாதத்தின் மையம் இதுதான். முதல் நிரல் எழுதுகிறவருக்கு இரண்டு வேண்டும்: என்ன வர வேண்டும் என்பது ஓட்டுவதற்கு முன்பே மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும், வராதபோது, எங்கே பிசகியது என்பதற்குத் தடயம் கிடைக்க வேண்டும். வடிவம் இரண்டையும் தருகிறது. சதுரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் வகுப்பில் தெரியாதவர் யாரும் இல்லை. தவறான நிரலும் ஏதோ ஒன்றை வரைந்து வைக்கிறது. மூன்றாவது முனை வரை சரியாக வந்து நான்காவதில் கோடு வேறு பக்கம் போனால், பிழை மூன்றாம் திருப்பத்தில் என்று படமே காட்டிக்கொடுக்கிறது. தவறான எண்ணுக்கு இந்த வரலாறு கிடையாது. 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியரைக் கேட்காமல் தன் நிரல் சரியா என்று பிள்ளையே தீர்மானிக்க முடிவது சின்ன வசதி இல்லை. வகுப்பு நடக்குமா நடக்காதா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

3. ஆய்வு முடிவுகள் ஆமைக்கு எதிராக இருக்கின்றனவே? எதிர்த்தரப்பில் விஷயம் அறிந்தவர்கள் எடுத்துவைக்கும் வாதம் இது, மற்றவற்றைவிட வலுவானதும் இதுதான். லோகோ மொழி 1967இல் அமெரிக்காவில் உருவானது. வாலி ஃபியூர்ஸைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் அதைக் கட்டியபோது அதில் ஆமையே கிடையாது. சொற்களையும் வாக்கியங்களையும் கையாளத்தான் அது பயன்பட்டது. ஆமை பிறகு வந்து சேர்ந்தது. 1980இல் பேப்பர்ட் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலை எழுதியபோது, ஆமையோடு பழகும் பிள்ளைகளின் சிந்தனை முறையே மாறும் என்ற பெரிய நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. அதை நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் சோதித்துப் பார்த்து 1984இல் எழுதினார்கள். ஓராண்டு லோகோ படித்த பிள்ளைகள், வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று திட்டமிடும் பயிற்சியில், லோகோ படிக்காத பிள்ளைகளைவிட ஒன்றும் சிறப்பாகச் செய்யவில்லை. மாண்ட்ரியலில் 12 வயதுப் பிள்ளைகளைக் கவனித்த ஜோயல் ஹிலெல், கரோலின் கீரன் இருவரும் வேறொன்றைக் கண்டார்கள்: பிள்ளைகள் பல சமயம் கோணத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதில்லை, திரையைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டு, கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்கிறார்கள்.

இவற்றை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. பேப்பர்ட்டைத் தெய்வமாக்கியவர்களுக்குத்தான் இவை சங்கடம். ஆமையோடு விளையாடினால் அறிவு தானாக ஊறும் என்றது மிகையான பேச்சு. அது தோற்றதில் வியப்பில்லை. ஆனால், பேங்க் ஸ்ட்ரீட் வகுப்புகளில் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடப்பட்டிருந்தார்கள் என்பதை இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை. அதன் பிறகு, 1988இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளார், ஷாரன் கார்வர் வெளியிட்ட ஆய்வையும் சொல்வதில்லை. அவர்கள் அதே லோகோவை எடுத்து, பிழை திருத்துவது எப்படி என்பதைப் படிப்படியாகக் கற்பித்தார்கள்: வர வேண்டியதற்கும் வந்ததற்கும் என்ன வேறுபாடு என்று சொல், அந்த வேறுபாட்டை எந்த வகைக் கட்டளை உண்டாக்கும் என்று ஊகி, நிரலில் அந்த இடத்தைத் தேடு, திருத்தி மறுபடி ஓட்டு. அந்தப் பிள்ளைகள் கணினியே இல்லாத வேலைகளிலும், வேறொருவர் எழுதிக்கொடுத்த வழிக்குறிப்பில் எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது போன்றவற்றில், முன்னேறினார்கள். ஆக, ஆய்வுகள் சேர்ந்து சொல்வது ஆமையைத் தூக்கி எறி என்று அல்ல. ஆசிரியரைத் தூக்கி எறியாதே என்று. குத்துமதிப்புப் பழக்கத்துக்கும் மருந்து உண்டு. ஓட்டுவதற்கு முன் நிரலை நோட்டில் எழுதி, என்ன படம் வரும் என்று பக்கத்தில் வரைந்து வைக்கச் சொல்ல வேண்டும். எழுகோணம், ஒன்பது முனை நட்சத்திரம் போல, கண்ணால் சரிக்கட்ட முடியாத வடிவங்களைக் கொடுக்க வேண்டும். அப்புறம், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: ஆப் வார்ப்பை மாற்றிய பிள்ளைக்கு வேறு வேலைகளில் சிந்தனை வளர்ந்தது என்று காட்ட எதிர்த்தரப்பிடம் என்ன இருக்கிறது? லோகோவை 40 ஆண்டாகத் தராசில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோடை வகுப்பை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

4. சலித்துப்போகும் என்கிறார்கள். பத்துப் பீரியடும் சதுரமே போடச் சொன்னால் சலிக்கத்தான் செய்யும். அது பாடத்திட்டத்தின் சோம்பல், வடிவத்தின் குற்றம் இல்லை.

5. வடிவம் வரைவது முட்டுச்சந்து, அதற்கப்பால் போக வழியில்லை என்பது இன்னொரு நம்பிக்கை. எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்ட் ஏபல்சனும் ஆண்ட்ரியா டிசெஸ்ஸாவும் 1981இல் எழுதிய ‘டர்ட்டில் ஜியாமெட்ரி’ என்ற நூல் பலகோணத்தில் தொடங்குகிறது. அதே ஆமையை வளைந்த பரப்புகளில் நடக்கவிட்டு, கடைசியில் பொதுச் சார்பியல் கோட்பாட்டில் போய் நிற்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், தாம்பரம் வரை போனால் போதும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்தையும் அணி (array) இலக்கணங்களையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கோலங்களை விதிகளால் உருவாகும் படங்களாகப் பார்த்த அந்த ஆய்வு, பட மொழிகள் என்ற கணினி அறிவியல் துறையின் தொடக்க காலப் பங்களிப்புகளில் ஒன்று. செடிகள் கிளைக்கும் விதத்தை விதிகளாக எழுத உயிரியலாளர் லிண்டன்மேயர் 1968இல் உருவாக்கிய முறையில் கோலத்தையும் எழுதலாம். அந்த விதிகளைத் திரையில் படமாக்க இன்று வழக்கமாகப் பயன்படுவதும் ஆமைதான்.

நம் பாட்டிமார் எல்லாம் கணினி விஞ்ஞானிகள் என்று மேடையில் முழங்க இதைச் சொல்லவில்லை. அப்படி முழங்குகிறவர்கள் கோலத்தையும் படிப்பதில்லை, கணினியையும் படிப்பதில்லை. சொல்ல வந்தது வேறு. மார்கழி மாதப் பத்திரிகையில் ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை’ என்று அச்சிட்டிருப்பார்கள். நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று இறங்கி 8 வரை. இதை ஆமைக்குச் சொல்லச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்னென்ன யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்: வரிசைக்கு ஒரு லூப், அதற்குள் புள்ளிக்கு ஒரு லூப், ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறையும் எண்ணிக்கை, அரை இடைவெளி தள்ளித் தொடங்கும் இடம், மேலுக்கும் கீழுக்கும் ஒரே செயற்கூற்றைத் திசை மாற்றிப் பயன்படுத்துவது. எண்ணிப் பார்த்தால் 169 புள்ளி வர வேண்டும். 184 வந்தால் நடு வரிசை இரண்டு முறை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். லூப்பின் எல்லையில் ஒன்று கூடிப்போகும் இந்தத் தவறு, தொழிலில் பல ஆண்டு இருப்பவர்களையும் விடாதது.

6. இனி நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும், பிள்ளை எதற்கு எழுத வேண்டும்? அது எழுதும் என்பது உண்மைதான். எழுகோணம் வரையும் நிரலைக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடும். ஆகவே வீட்டுப்பாடமாக ‘சதுரம் வரையும் நிரல் எழுதி வா’ என்பது இனி வெட்டி வேலை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எந்திரம் எழுதுகிற காலத்தில் மனிதரிடம் மிஞ்சும் வேலை என்ன? வேண்டியதைப் பிசிறில்லாமல் சொல்வதும், வந்தது சரியா என்று பார்ப்பதும். பார்க்கத் தெரியாதவர் எந்திரம் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 10000.08ஐப் பார்த்து நிமிர்ந்து ஆசிரியரின் முகத்தைப் பார்த்த பிள்ளை, நாளைக்கு எந்திரத்தின் முகத்தைப் பார்க்கும். விரிசலைப் பார்த்து ‘3 டிகிரி எங்கே போயிற்று’ என்று கேட்கப் பழகிய பிள்ளைக்கு அந்த நிலை வராது என்று உத்தரவாதம் தர முடியாது; ஆனால் அந்தப் பழக்கத்தை இவ்வளவு மலிவாகத் தொடங்கிவைக்க வேறு இடமும் கண்ணில் படவில்லை. நடுநிலை வகுப்பில் ‘செயற்கை நுண்ணறிவுப் பாடம்’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் தயாராக இருக்கும் கருவி ஒன்றில் படங்களைப் போட்டு, அது பூனை என்கிறதா நாய் என்கிறதா என்று பார்ப்பது. வேடிக்கையாகத்தான் இருக்கும். ஏன் பூனை என்றது என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அந்தப் பாடத்தில் இடமில்லை.

7. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் ஆமையா? இந்தக் கேள்வியை அக்கறையோடு கேட்கிறவர்கள், ‘ஆப்’ பாடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அறுந்துபோகாத இணையம், பிள்ளைக்கு ஒரு கணக்கு, புதிய கணினி, சிக்கல் வந்தால் அவிழ்க்கத் தெரிந்த ஆள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பாடம் ஆசிரியர் திரையில் காட்ட, பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதாக முடியும். அங்கேதான் பாகுபாடு உண்மையில் நடக்கிறது: பெயர் ஒன்று, இரண்டு பள்ளிகளில் இரண்டு பொருள். பைத்தானோடு வழக்கமாகச் சேர்ந்தே வரும் ஆமை நூலகத்துக்கு இணையம் வேண்டாம், பழைய கணினி போதும். கணினியில் முறை வராத பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியோடு ஒருவரை ஆமையாக நிறுத்தி, மற்றவர் எழுதிய கட்டளைப்படி நடக்கவிடலாம். 60 டிகிரி திரும்பினால் முக்கோணம் ஏன் மூடவில்லை என்பது கால்களுக்கே தெரிந்துவிடும். இது ஏழைக்கு ஒதுக்கிய மாற்று ஏற்பாடு அல்ல. பேப்பர்ட் ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயோடு பணியாற்றியவர்; பிள்ளை தன் உடம்பால் அறிந்ததை வைத்தே வடிவியலுக்குள் போக முடியும் என்பதுதான் ஆமைக்கு அவர் சொன்ன முதல் நியாயம்.

இந்த முறை கெட்டுப்போகும் வழியும் ஒன்று இருக்கிறது, அதை எதிர்த்தரப்பு செய்யத் தேவையில்லை, நாமே செய்துவிடுவோம்: ‘சதுரம் வரைவதற்கான நிரலை எழுதுக, 5 மதிப்பெண்’. மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும். முன்னே 100, வலப்பக்கம் 80, இதை 5 முறை செய். கோடு தொடங்கிய இடத்தில் வந்து மூடுமா? மூடாது என்றால், எத்தனை முறை செய்தால் மூடும், அப்போது என்ன உருவம் வரும்? கணினி வேண்டாம், தாளும் பென்சிலும் போதும். ஆமை சின்னப் பிள்ளை விளையாட்டு என்பவர்கள், ஆப் செய்து சான்றிதழ் வாங்கிய தங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களை இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு முறை உட்கார வைத்துப் பார்க்கட்டும்.